டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்ற ஆள்

என் இடது கைச் சுண்டு விரல் பாதிக்கு மேல் மடங்காது. பார்க்கிறவர்கள் மெஷினில் மாட்டியதா என்று கேட்பார்கள். ஹெப்பகோடிப் பக்கம் லேத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அப்படிக் கேட்பது நியாயம்தான். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் மேடையில் பதினோரு நிமிடம் கிட்டார் வாசித்ததை அப்படியே வாசித்துவிடப் பார்த்து, நான்கு வருடம் முயன்று, கெடுத்துக்கொண்ட விரல் இது. விரல் போனால் போகட்டும். அதை ஒரு ஆளால் வாசிக்கவே முடியாது என்பது என் நண்பனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. இதை எழுத உட்காரும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூற்றொன்றில் குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்தேன். ஐடிஐ படிப்பு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கிட்டார். ஊரில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கிற மெல்லிசைக் குழு ஒன்றில் இருந்தவன் நான். சினிமாப் பாட்டு எதை வேண்டுமானாலும் இரண்டு தடவை கேட்டால் வாசித்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஹெப்பகோடியில் தொழிற்சாலை வேலை, பக்கத்திலேயே ஒற்றை அறை. நான்கு சுவரும் ஒரு ஜன்னலும்தான், ஆனால் வாசித்தால் சத்தம் நன்றாகக் கேட்கும்.

என் நண்பன் அதே தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தான். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். தாத்தா காலத்திலேயே வந்து வேரூன்றிவிட்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, ஆங்கிலத்தில் போய் முடிகிற பேச்சு அவனுக்கு. சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். கேன்டீனில் என் விரல்கள் மேசையில் போட்ட தாளத்தைப் பார்த்துவிட்டு, "என்ன குரு, நீயும் நம்ம ஜாதியா" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். யாரையும் 'குரு' என்று கூப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம். அப்படித்தான் பழக்கமானோம்.

அந்த டிசம்பரில் காவிரிக்காகக் கலவரம் வந்தது. என் அறைக்குச் சொந்தக்காரர் கன்னடக்காரர், நல்ல மனிதர். "கொஞ்ச நாளைக்கு எங்கயாவது போயிருப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். எங்கே போவது? பஸ் ஓடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நண்பன் அவனுடைய அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து நின்றான். "ஏறு. வழியில யார் நிறுத்தினாலும் நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கறேன்" என்றான். இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டு இடத்திலும் அவன் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் பேசினான். நான் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனபோது, இவனுக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை, அப்படியேதான் நினைத்தேன்.

அவர்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தேன். அவனுடைய கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் தரையில் படுத்தான். அவனுடைய அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவர் ஒவ்வொரு வேளையும், "வெக்கப்படாதப்பா, இது உன் வீடு" என்று சொல்லிவிட்டுத்தான் பரிமாறுவார். வெளியே போக முடியாத அந்த நாட்களில்தான் அவன் ஒரு கேசட்டை எடுத்துப் போட்டான். வீட்டிலிருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்த சின்ன டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்து, இருவரும் அதன்மேல் காதை வைக்காத குறையாகக் கேட்டோம்.

ஒரு மேடைக் கச்சேரியின் பதிவு அது. வாசித்தவர் அப்போதே ஐம்பதைத் தாண்டியவர், ப்ளூஸையும் ராக்கையும் முப்பது வருடமாக வாசித்து வந்தவர். நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். முன்னால் யாரோ இருமுகிறார்கள், ஒரு கண்ணாடி டம்ளர் உடைகிறது, ஒரு பெண் சிரிக்கிறாள். பிறகு பெரியவர் மெதுவாக ஆரம்பிக்கிறார். நான்கு நிமிடம் போனதும் அந்த விஷயம் நடக்கிறது. கீழ்க் கம்பிகளில் ஒரு சுரவரிசை நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது, கூடத்தில் யாரோ கவலையோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கிற மாதிரி. அதே நேரத்தில் மேல் கம்பிகள் அழுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசுகின்றன, சண்டை போடுகின்றன, ஏழாவது நிமிடத்தில் ஒன்று ஏற ஒன்று இறங்குகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஒத்த ஆளா வாசிக்கறாரு?" என்று கேட்டேன். "அதான் குரு, பெரியவர்" என்றான் அவன்.

அன்று அவனுக்கும் தெரியாது. இதில் அவன்மேல் தப்பில்லை. அது காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். அட்டை கிடையாது, வாசித்தவர்கள் பட்டியல் கிடையாது. பெரியவர் தன் குழுவை அறிமுகப்படுத்துகிற இடம் ஒன்று உண்டு. "டிரம்ஸ் வாசிப்பவர்" என்று ஆரம்பிப்பார், முதல் பக்கத்தில் டேப் அங்கே தீர்ந்துவிடும். திருப்பிப் போட்டால் அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இடது பக்கம் ஒரு கிட்டார், வலது பக்கம் ஒரு கிட்டார் என்று பதிவு செய்தவர்கள் பிரித்து வைத்திருந்தாலும், எங்களுக்கு எல்லாம் ஒரே ஓட்டை வழியாகத்தான் வந்தது. நகரத்தில் ராக் கேட்கிற கூட்டத்திலும் பெரியவருக்கு நாலு கை என்றே பேசிக்கொள்வார்கள். போதாதற்கு எனக்கு ஒரு கொள்கை வேறு இருந்தது. ஸ்டுடியோவில் ஒட்டுப்போடலாம், திருத்தலாம். மேடையில் பதிவானது பொய் சொல்லாது. இதை நான் எல்லோரிடமும் பெரிதாகப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் குழு ஆரம்பமானது. அவன் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது, அதனால் அது எங்களுடையதானது. டிரம்ஸுக்கு ஒருவன், பேஸ் கிட்டாருக்கு ஒருவன், இரண்டு பேரும் அந்தத் தெருப் பையன்கள். நண்பன் பாடிக்கொண்டே துணைக் கிட்டார் வாசிப்பான். முன்னால் நின்று தனி வாசிப்பது நான். அதை அவனே சொன்னான். "என்னால ஆகறது இல்ல, உன் கை வேற" என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர்கள் வந்ததும் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை போகும். வாரம் முழுக்க லேத்தில் நின்றவனுக்கு அந்த ஒரு நாள்தான் உயிர். அந்த ஷெட்டில் நான் ஒரு ஆள். குடியாத்தத்துக்காரன் இல்லை, மூன்றாவது ஷிஃப்டுக்காரன் இல்லை, கிட்டார் வாசிக்கிறவன்.

அந்தப் பதினோரு நிமிடத்தை நான் வாசித்தே ஆக வேண்டும் என்பது எப்படியோ என் வைராக்கியமாகிவிட்டது. கட்டைவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலே சுற்றிப் போட்டுக் கீழ் வரிசையைப் பிடித்தேன். மிச்ச விரல்களால் மேலே அழுகையைப் பிடித்தேன். சுண்டு விரலை அது போகாத தூரத்துக்கெல்லாம் இழுத்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு மரத்துண்டில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு விரல்களை நீட்டிப் பழகுவேன். பக்கத்து சீட்டுக்காரர் இவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று இடம் மாறி உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் ஆறு நிமிடம் வந்தது. இரண்டு வருடத்தில் ஒன்பது நிமிடம் வந்தது. ஆனால் ஏழாவது நிமிடத்தில், ஒன்று ஏறி ஒன்று இறங்குகிற அந்த இடம் மட்டும் வரவே வரவில்லை. அதைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் வாசிப்பேன். குறை என் கையில் என்று நினைத்தேன். அவருக்கு முடிகிறதே, எனக்கு ஏன் முடியவில்லை?

தொண்ணூற்று மூன்று கிறிஸ்துமஸுக்கு நண்பனின் சித்தப்பா துபாயிலிருந்து வந்தார். அதே கச்சேரியைப் படமாக எடுத்திருந்தார்களாம், அந்த வீடியோ கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். நான் அந்த வாரம் குடியாத்தத்தில் இருந்தேன். திரும்பி வந்ததும் செய்தி கேட்டு, பையைக்கூட இறக்காமல் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஓடினேன். பெரியவரின் கையை ஒரு தடவை பார்த்தால் போதும் எனக்கு. ஏழாவது நிமிடத்தில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் போதும்.

"அய்யோ மச்சி, அது அமெரிக்க சிஸ்டம். நம்ம விசிஆர்ல போட்டா படம் உருண்டுக்கினே போகுது, கோடு கோடா வருது. சித்தப்பாவே எடுத்துக்கினு போயிட்டாரு" என்றான்.

நான் விடவில்லை. எதுவுமே தெரியவில்லையா, கைகூடத் தெரியவில்லையா என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனை இன்றும் என் கண் முன்னால் நிற்கிறது. பிறகு சொன்னான்: "கொஞ்சம் தெரிஞ்சுது. ஒத்த ஆளுதான். கட்டவிரல மேல சுத்திப் போடறாரு. நீ பண்றது கரெக்ட்டா இருக்கு. இன்னும் கொஞ்சம் இழுத்தா வந்துடும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இவன் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தவன். தெய்வ வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டேன். இன்னும் இழுத்தேன். ஒரு வருடத்தில் சுண்டு விரலின் அடிக்கணு வீங்கியது. தொழிற்சாலை டாக்டர் ஆறு மாதம் கிட்டாரைத் தொடாதே என்றார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தேன். ஷெட்டில் நான் மறுபடி மறுபடி தடுமாறும்போது டிரம்ஸ்காரன் குச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பான், பேஸ்காரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பொறுமைசாலிகள் என்று நினைத்தேன். நண்பன் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "வரும் குரு, வரும்" என்பான்.

தொண்ணூற்றைந்தில் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் போட்டி. அந்தப் பாட்டையே வாசிக்கலாம் என்றான் நண்பன். எனக்குப் பயம். "வேண்டாம்டா, அந்த இடம் வரல" என்றேன். "நீ வாசிக்கலன்னா யாரு வாசிப்பாங்க?" என்றான். மேடை ஏறினோம். மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். முதல் ஆறு நிமிடம் நான் வாசித்தது போல நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. ஏழாவது நிமிடத்தில் விரல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. கிட்டார் நின்றது. டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த நான்கைந்து விநாடியில் நான் செத்துப் பிழைத்தேன்.

அப்போது நண்பன் உள்ளே வந்தான். கீழ் வரிசையை எடுத்தான். ஒரு சுரம் பிசகவில்லை. கொஞ்ச நேரம் அதில் நின்றுவிட்டு மேலே தாவினான், மறுபடி கீழே இறங்கினான், மறுபடி மேலே. மாறி மாறி வாசித்து முடித்தான். அரங்கம் அதிர்ந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். இறங்கி வந்ததும், "எப்பிடிடா அந்தக் கீழ் வரிசைய இவ்ளோ சுத்தமா வாசிச்ச?" என்று கேட்டேன். "உன்னப் பாத்துப் பாத்துதான்" என்றான். அவன் தோளில் சாய்ந்து அழுதேன். மானத்தைக் காப்பாற்றினாயே என்று சொல்லி அழுதேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு பப்பில் வாரக் கடைசியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அவனைத்தான் கூப்பிட்டார்கள். விரல் தேறவில்லை. இரண்டு மாதம் கழித்து என் கிட்டாரைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். எனக்கு இனி எதற்கு, உன்னிடம் இருந்தால் யாராவது வாசிப்பார்கள் என்றேன். வாங்கிக்கொண்டான். கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

வருடங்கள் போயின. கல்யாணம் ஆயிற்று. ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு. லேத்தை விட்டு, எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய அலுவலகத்தின் பராமரிப்பு வேலையில் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, சரியாக நினைவில்லை. மென்பொருள் வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஒருவரோடு லிஃப்ட் பழுதான நேரத்தில் பேச்சு பாட்டுப் பக்கம் போனது. மறுநாள் ஒரு டிவிடி கொண்டுவந்து கொடுத்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே பெரியவர், அதே கச்சேரி.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி முறத்தில் அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இருமல், டம்ளர் உடைகிற சத்தம், பெண்ணின் சிரிப்பு. எல்லாம் எனக்கு மனப்பாடம். நான்காவது நிமிடத்தில் கீழ் வரிசை ஆரம்பித்தது. பெரியவரின் கை கீழ்க் கம்பிகளில் இல்லவே இல்லை. கேமரா மெல்ல நகர்ந்தது. டிரம்ஸுக்குப் பக்கத்தில், பாதி இருட்டில், மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் நின்று அதை வாசித்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடத்தில் பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஒருவர் ஏறினார், ஒருவர் இறங்கினார். அவ்வளவுதான் விஷயம். மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரு வாசிக்கறாங்க" என்றேன்.

அவள் டிவியைப் பார்த்தாள். "ஆமா, ரெண்டு பேரு வாசிக்கறாங்க. அதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டுப் பிதுக்குவதைத் தொடர்ந்தாள். அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அந்த நிமிடம்வரை எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. கோடு கோடாக ஓடிய படத்தில் அவனுக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும்? நாங்கள் இரண்டு பேருமே ஏமாந்த முட்டாள்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவிடியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். இதைக் காட்டினால் அவன் முகம் எப்படிப் போகும் என்று பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

ஆன்ட்டிதான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நண்பன் குளித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லிவிட்டு, கையில் என்னப்பா என்று டிவிடியை வாங்கிப் பார்த்தார்.

"ஓ, இந்த ஆளா? இது பழைய படமாச்சே. அந்த கிறிஸ்மஸுக்கு எல்லாரும் சேந்துக்கினு பாத்தமே" என்றார்.

"அது சரியா ஓடலன்னு சொன்னானே, ஆன்ட்டி."

"யாரு சொன்னது? நல்லா ஓடுச்சேப்பா. இவங்க சித்தப்பா புது விசிஆர் கொண்டாந்தாரு இல்ல, எந்த ஊரு டேப்பும் ஓடும் அதுல. கேக் சாப்ட்டுக்கினே பாத்தோம். உங்க டிரம்ஸ் பையன், அந்த இன்னொரு பையன், எல்லாரும் இருந்தாங்க. பின்னாடி ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தர் நிப்பாரே, ஐயோ பாவம், அவர யாருமே பாக்க மாட்டாங்களேன்னு நான்கூடச் சொன்னேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ அன்னைக்கு வரலையா? ஊருக்குப் போயிருந்தியோ?"

ஊருக்குத்தான் போயிருந்தேன். அவர் வேறு ஏதோ கேட்டார், நான் ஏதோ பதில் சொன்னேன். டிரம்ஸ்காரன் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது பொறுமையினால் இல்லை. இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஒருத்தன் முடியாத ஒன்றைச் செய்ய முயன்று விரலை ஒடித்துக்கொள்வதை அந்த ஷெட்டில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காதில் நன்றாகப் பூச்சுற்றியிருந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் எனக்கிருந்தவர்களே அவர்கள் மூன்று பேர்தான்.

நண்பன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். என் முகத்தையும் அம்மா கையிலிருந்த டிவிடியையும் பார்த்தான். "மம்மி, காபி போடுங்க" என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தான். மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மறந்துவிட்டது என்றாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அந்த மரியாதையைக்கூட அவன் எனக்குச் செய்யவில்லை.

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும், நீயே சொல்லு" என்றான். "நீ மேல வாசிப்ப, நான் கீழ வாசிப்பேன். ஜனங்க உன்னப் பாப்பாங்க. என் வீடு, என் ஷெட்டு, என் ஆம்ப்ளிஃபையர். நான் மட்டும் அந்தக் கண்ணாடிக்காரன் மாதிரி இருட்டுல நிக்கணும். அந்த ஆளு பேராவது தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.

"யாருக்கும் தெரியாது" என்றான்.

எழுந்து போய் இரண்டு கிட்டார்களைக் கொண்டுவந்தான். ஒன்று என்னுடையது. கம்பி மாற்றி, துடைத்து, நன்றாகவே வைத்திருந்தான். என் மடியில் வைத்துவிட்டுச் சின்ன ஆம்ப்ளிஃபையரில் வயரைச் செருகினான். "நான் கீழ வாசிக்கறேன். நீ வாசி" என்றான். அதை அவன் தலையில் அடித்து உடைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அது கஷ்டமா, இல்லையா? எட்டு வருடமாகக் கிட்டாரைத் தொடாதவன், அதை மட்டும் தெரிந்துகொள்வதற்காக வாசித்தேன்.

அவன் கீழ் வரிசையை எடுத்தான். நான் மேலே சேர்ந்தேன். மூன்று விரல் போதுமாக இருந்தது. எங்கும் இழுக்க வேண்டியதில்லை, எட்ட வேண்டியதில்லை. ஏழாவது நிமிடம் வந்தது. அவன் இறங்கினான், நான் ஏறினேன். குடியாத்தத்துக் கல்யாண வரவேற்பில் வாசிக்க ஆரம்பித்து ஆறு மாதமான பையன்கூட வாசித்துவிடுவான், அவ்வளவு சுலபம். நடுவிலேயே நிறுத்தினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் இன்னும் இரண்டு சுற்று வாசித்துவிட்டுத் தானும் நிறுத்தினான்.

"நீ கேட்டிருந்தா நான் டிரம்ஸ் பக்கத்துல நின்னிருப்பேன்டா" என்றேன். "நீயே மேல வாசின்னு சொல்லியிருப்பேன். சந்தோஷமா நின்னிருப்பேன்." சத்தியமாக அதுதான் உண்மை. அந்த வீட்டில் எங்கே நிற்கச் சொல்லியிருந்தாலும் நான் நின்றிருப்பேன்.

"தெரியும்" என்றான். கிட்டாரின் சுருதி முளையைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னான்: "உன்கிட்டப் போயி எப்பிடிடா கேக்கறது?"

உன்கிட்ட. ஹெப்பகோடியிலிருந்து அவன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவனிடம், தன் கட்டிலைக் கொடுத்துப் படுக்க வைத்த ஒருவனிடம், வாயைத் திறக்காதே என்று சொல்லி உட்கார வைத்த ஒருவனிடம். அத்தனை வருடம் நான் அவனை நண்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கணக்கில் நான் கடைசிவரை அவன் வீட்டில் தங்க வந்த ஆள்தான்.

கிட்டாரை சோபாவில் வைத்தேன். ஆன்ட்டி காபியோடு வந்தார். "எங்கப்பா கிளம்பிட்ட, சாப்ட்டுட்டுப் போ" என்றார். இல்லை ஆன்ட்டி, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.